கேட்பது யார், தொடர்வது யார்? இளையோரின் புகைப்பழக்கமும் பல் மருத்துவரும்

புகைபிடிக்கும் இளைஞர் ஒருவர் அந்தப் பழக்கத்தைக் கைவிடப் பல் மருத்துவரால் உதவ முடியுமா? கேட்பதற்கு எளிய கேள்விதான். ஆனால், கடந்த முக்கால் நூற்றாண்டில் இதற்குச் சொல்லப்பட்ட விடைகள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. 1940களின் இறுதியில் அமெரிக்க இதழ்களில் வெளியான வைஸ்ராய் சிகரெட் விளம்பரத்தில் பல் மருத்துவர் ஒருவரே தோன்றி அந்தச் சிகரெட்டைப் பரிந்துரைத்தார். இந்தியாவில் புகையிலை கலந்த பற்பசைக்கும் பற்பொடிக்கும் 1992இல்தான் தடை வந்தது. அதுவரை பல் விளக்கும் பொருளாகவே புகையிலை பல வீடுகளுக்குள் நுழைந்துகொண்டிருந்தது. பல்லும் புகையிலையும் எதிரெதிர் அணியில் நிற்பவை என்ற இன்றைய எண்ணம் அவ்வளவு பழையதல்ல.

1964இல் அமெரிக்கத் தலைமை அறுவை மருத்துவரின் அறிக்கை புகைபிடித்தலை நுரையீரல் புற்றுநோயோடு இணைத்தபின் மருத்துவ உலகின் போக்கு மாறியது. உலக சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையை இந்தியா 2004இல் ஏற்றது. பழக்கத்தை விட விரும்புவோருக்கு உதவி கிடைக்கச் செய்யும் பொறுப்பை அதன் 14ஆம் பிரிவு அரசுகளின் மேல் வைக்கிறது. ஆக, பல் மருத்துவர் உதவ வேண்டுமா என்பது இன்று பெரிய விவாதமல்ல. அவர் உதவினால் பலன் இருக்கிறதா, எந்த வகை உதவிக்குப் பலன் இருக்கிறது, பெரியவர்களிடம் கண்ட பலன் பதின்மவயதினருக்கும் பொருந்துமா என்பவையே விவாதம். இத்துறை எழுத்துகளில் முதல் இரண்டு கேள்விகளுக்குக் கிடைத்த விடை, மூன்றாவதற்கும் விடையாகிவிட்டதாகவே பெரும்பாலும் எடுத்துக்கொள்ளப்படுகிறது. இக்கட்டுரை அவற்றைப் பிரித்துப் பார்க்க முயல்கிறது.

பழக்கம் தொடங்கும் வயது

2019இல் இந்தியப் பள்ளிகளில் நடந்த உலக இளையோர் புகையிலைக் கணக்கெடுப்பின்படி, 13 முதல் 15 வயதுள்ள மாணவர்களில் 8.5 விழுக்காட்டினர் ஏதோ ஒரு வகைப் புகையிலையைப் பயன்படுத்திவந்தனர். அதைவிடக் கவனிக்க வேண்டியது தொடங்கிய வயது. சிகரெட் பிடித்தவர்களில் 38 விழுக்காட்டினரும், பீடி பிடித்தவர்களில் 47 விழுக்காட்டினரும், மெல்லும் வகையைப் பயன்படுத்தியவர்களில் 52 விழுக்காட்டினரும் பத்து வயது நிறைவதற்கு முன்பே முதன்முறை தொட்டுப் பார்த்தவர்கள்.

பெரியவர்களின் படம் வேறொன்றைக் காட்டுகிறது. 2016–17இல் நடந்த வயதுவந்தோர் கணக்கெடுப்பில் வயதுவந்த இந்தியர்களில் 28.6 விழுக்காட்டினர் புகையிலைப் பழக்கம் உடையவர்கள். மொத்த வயதுவந்தோரில் புகைப்போர் 10.7 விழுக்காடு, புகையில்லா வகையைப் பயன்படுத்துவோர் 21.4 விழுக்காடு. இரண்டையும் செய்பவர்கள் இரு கணக்கிலும் வருவார்கள். தேசிய அளவில் 2009–10இல் 34.6 விழுக்காடாக இருந்த பழக்கம் குறைந்திருக்க, தமிழ்நாட்டில் அது 16.2இலிருந்து 20 விழுக்காடாக உயர்ந்தது.

இவ்வெண்களிலிருந்து இரண்டு செய்திகள் கிடைக்கின்றன. ஒன்று, பல் மருத்துவர் சந்திக்கும் பதினாறு வயதுக்காரர் புதிதாகத் தொடங்கியவராக இருக்க வேண்டியதில்லை. சில ஆண்டுப் பழக்கம் அவரிடம் இருக்கலாம். மற்றொன்று, மேலைநாட்டு ஆய்வுகள் சிகரெட்டை மையமாக வைத்துக் கேட்கும் கேள்வியை அப்படியே இங்கே கேட்டால் பாதிப்பேர் கணக்கில் வராமலே போவார்கள். ‘தம் அடிப்பாயா?’ என்றால் இல்லை என்று உண்மையாகவே தலையாட்டும் பையனின் உதட்டுக்குள் ஹான்ஸ் என்ற மெல்லும் புகையிலை இருக்கலாம்.

அடிமைப்படுதல் குறித்த புரிதலும் மாறியிருக்கிறது. தினமும் புகைத்தால்தான் நிகோடின் பிடித்துக்கொள்ளும் என்று நெடுங்காலம் நம்பினார்கள். அமெரிக்க மருத்துவர் ஜோசஃப் டிஃப்ரான்ஸாவும் குழுவினரும் மாசச்சூசெட்ஸ் மாணவர்களிடையே நடத்திய ஆய்வுகள், அன்றாடப் பழக்கமாவதற்கு முன்பே ஏக்கமும் எரிச்சலும் போன்ற அறிகுறிகள் சிலரிடம் தோன்றுவதைக் காட்டின. பெரியவர்களுக்கான ஃபாகர்ஸ்ட்ராம் அளவுகோலில், காலையில் எழுந்த எத்தனை நிமிடத்தில் முதல் சிகரெட் என்பது முதன்மையான கேள்வி. பெற்றோருடன் ஒரே வீட்டில் இருக்கும் மாணவரிடம் இதைக் கேட்டால் கிடைக்கும் விடை அவருடைய ஏக்கத்தை அளக்குமா, வீட்டுக் கண்காணிப்பை அளக்குமா என்பது ஐயத்துக்குரியது.

முதல் நிலைப்பாடு: காட்டினால் விடுவார்கள்

பல் மருத்துவருக்கு மற்ற மருத்துவர்களிடம் இல்லாத ஒரு வாய்ப்பு இருக்கிறது. நுரையீரலில் நடப்பதை நோயாளியால் பார்க்க முடியாது. வாயில் நடப்பதைக் கண்ணாடியில் காட்டிவிடலாம். கீழ் முன்பற்களின் உட்பக்கத்தில் படிந்த பழுப்புக் கறை, புகையிலையை ஒதுக்கி வைக்கும் இடத்தில் சுருங்கி வெளுத்த சவ்வு, வாய்நாற்றம் எல்லாம் உடனே தெரிபவை. சில மாற்றங்கள் ஏமாற்றவும் செய்யும். நிகோடின் ஈறுகளின் இரத்த ஓட்டத்தைக் குறைப்பதால், புகைப்பவரின் ஈறு நோயுற்றிருந்தாலும் குறைவாகவே கசியும். பல் விளக்கும்போது இரத்தம் வராததால் ஈறு நன்றாக இருக்கிறது என்று அவர் நினைத்துக்கொள்வார்.

காட்டிப் புரியவைப்பதே வழி என்ற எண்ணத்துக்கு இந்தியாவில் வலுவான முன்னோடி உண்டு. டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் பல் ஆராய்ச்சிப் பிரிவில் ஃபாலி மேத்தா, பிரகாஷ் குப்தா ஆகியோர் அடங்கிய குழு 1977–78இல் கேரளத்தின் எர்ணாகுளம், குஜராத்தின் பாவ்நகர், ஆந்திரத்தின் ஸ்ரீகாகுளம் மாவட்டச் சிற்றூர்களில் 36,000க்கும் மேற்பட்ட புகையிலைப் பயனர்களை வீடுவீடாகச் சந்தித்துத் தலையீட்டைத் தொடங்கியது. பல் மருத்துவர்கள் ஒவ்வொருவரின் வாயையும் பரிசோதித்தார்கள். நேரிலும் படங்கள் மூலமும் அறிவுரை சொன்னார்கள். ஆண்டுதோறும் திரும்பிப் போனார்கள். எர்ணாகுளத்தில் பழக்கத்தைக் கைவிட்டவர்கள் கூடினார்கள்; புற்றுநோய்க்கு முன்னோடியான வெண்படலம் புதிதாகத் தோன்றுவது குறைந்தது. பல் மருத்துவம் பலன் தரும் என்பதற்கு இந்த ஆய்வை மேற்கோள் காட்டுபவர்கள், அந்த ஆண்டாண்டுத் திரும்புதலைப் பெரும்பாலும் சொல்லாமல் விடுகிறார்கள். பலன் வாயைக் காட்டியதால் வந்ததா, விடாமல் திரும்பியதால் வந்ததா என்று அந்த ஆய்வின் அமைப்பைக் கொண்டு பிரித்துச் சொல்ல முடியாது.

இளையோரிடம் கிடைத்த ஊக்கமான முடிவுகள் பெரும்பாலும் மெல்லும் புகையிலை பற்றியவை. அமெரிக்காவின் ஓரிகன் பகுதியில் வழக்கமான பல் பரிசோதனைக்கு வந்த, 15 வயதும் அதற்கு மேலுமான ஆண்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. வாயில் தெரிந்த மாற்றத்தைச் சுட்டிக்காட்டி, விடும்படி சொல்லி, உதவிக் கையேடு தந்தார்கள். 1995இல் வெளியான முடிவின்படி, ஓராண்டுக்குப்பின் இந்தக் குழுவில் 18.4 விழுக்காட்டினரும் வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 12.5 விழுக்காட்டினரும் பழக்கத்தை விட்டிருந்தனர். கலிஃபோர்னியாவில் மார்கரெட் வால்ஷ் குழுவினர் கல்லூரி விளையாட்டு வீரர்களிடம் நடத்திய ஆய்வில் இந்த விகிதம் 35க்கு 16. உயர்நிலைப்பள்ளி பேஸ்பால் வீரர்களிடம் 27க்கு 14.

வால்ஷின் ஆய்வுகளைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். வீரரின் வாயைப் பரிசோதித்து அவருடைய சவ்வில் இருந்த புண்ணையே அவருக்குக் காட்டினார்கள் என்பது உண்மை. ஆனால் அதோடு நிற்கவில்லை. அணித் தோழர்கள் ஒன்றாக அமர்ந்து பேசினார்கள், பின்தொடர்தலும் இருந்தது. ஒரே உடை மாற்றும் அறையில் ஒரே டப்பாவைப் பகிர்ந்துகொள்ளும் கூட்டத்தில் நாலு பேர் ஒன்றாக விட முயல்வது, தனியாளாக நாற்காலியில் அமர்ந்து அறிவுரை கேட்பதிலிருந்து வேறானது.

சிகரெட்டில் இந்த நிலைப்பாடு அவ்வளவு தாக்குப்பிடிக்கவில்லை. பின்லாந்தில் 1990களில் பொதுப் பல் மருத்துவ சேவைக்கு ஆண்டுப் பரிசோதனைக்காக வந்த பதின்மவயதினருக்குக் கறைபடிந்த பற்களின் ஒளிப்படங்களைக் காட்டி, கையில் கண்ணாடி கொடுத்துத் தம் பற்களையே பார்க்கச் சொன்னார்கள். சில நிமிடத் தலையீடுதான். ஈராண்டு கழித்துப் புகைத்தவர்களின் விகிதம் இந்தக் குழுவில் சற்றே குறைவாக இருந்தது. ஆனால் புள்ளியியல்படி அதை வேறுபாடு என்று சொல்ல முடியவில்லை. மெல்லும் புகையிலை ஒதுக்கிய இடத்திலேயே புண்ணை உண்டாக்குகிறது. ஈராண்டாகச் சிகரெட் பிடிக்கும் பதினைந்து வயதுக்காரரின் வாயில் பல சமயம் காட்டுவதற்கு ஒன்றுமே இருக்காது. கண்ணாடியில் எல்லாம் நன்றாகத் தெரிந்தால், ‘எனக்கு ஒன்றுமில்லை’ என்ற முடிவுக்கு அவர் வரக்கூடும் என்ற கவலைக்கும் இடமிருக்கிறது.

இரண்டாம் நிலைப்பாடு: அரை நிமிடம் போதும்

இரண்டாவது தரப்பு பொது மருத்துவத்திலிருந்து வந்தது. கேள், அறிவுறுத்து, விருப்பத்தை மதிப்பிடு, உதவு, தொடர் ஏற்பாடு செய் என்ற ஐந்து படிகள் அமெரிக்க வழிகாட்டுதல்களில் 2000இலிருந்து நிலைபெற்றுவிட்டன. பிரிட்டன் இதை இன்னும் சுருக்கியது. பழக்கம் உண்டா என்று கேட்டு, விடுவதற்கு ஆகச் சிறந்த வழி எது என்று சொல்லி, உதவி கிடைக்கும் இடத்துக்கு அனுப்பிவிட வேண்டும். அரை நிமிடத்தில் முடிகிற வேலை. புகைப்பதன் கேடுகளை விளக்கி வாதாட வேண்டாம், எத்தனை சிகரெட் என்று துருவ வேண்டாம் என்பது இதன் உள்ளடக்கம். பல் க்ளீனிங்குக்கோ ரூட் கேனலுக்கோ வந்தவரிடம் நேரத்தைப் பறிக்காமல் செய்யக்கூடியது என்பதால் பல் மருத்துவர்களிடம் இது எளிதில் செல்லுபடியாகிறது.

இதற்கான சான்றைத் திரட்டியவை காக்ரேன் மதிப்பாய்வுகள். 2021இல் வெளிவந்த மதிப்பாய்வு, பல் மருத்துவப் பணியாளர்களின் தலையீட்டைச் சோதித்த 20 ஆய்வுகளை, ஏறத்தாழ 15,000 பேரின் தரவுகளோடு தொகுத்துப் பார்த்தது. பல் மருத்துவக் குழுவினர் தரும் நடத்தைசார் ஆதரவு, விடுவோரின் எண்ணிக்கையைக் கூட்டக்கூடும் என்பது அதன் முடிவு. ஆனால் அறிவுரையும் ஆதரவும் மட்டும் உள்ள ஆய்வுகளில் சான்றின் உறுதி குறைவு அல்லது மிகக் குறைவு. ஆதரவோடு நிகோடின் மாற்று மருந்தோ மின்சிகரெட்டோ சேர்ந்த ஆய்வுகளில்தான் உறுதி நடுத்தர அளவுக்கு உயர்ந்தது. பள்ளி, கல்லூரி சார்ந்த ஆய்வுகளை மட்டும் தனியாக எடுத்தபோது பலன் தெளிவாகத் தெரியவில்லை.

‘பல் மருத்துவர் சொன்னால் விடுகிறார்கள்’ என்ற பரவலான வாசகத்துக்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் முப்பது, நாற்பது வயதைத் தாண்டிய நோயாளிகளின் தரவு என்பதை இது நினைவூட்டுகிறது. அவர்களிடம் ஈறுநோய் இருக்கிறது, விட வேண்டும் என்ற எண்ணம் ஏற்கெனவே இருக்கிறது, பலமுறை முயன்று தோற்ற அனுபவமும் இருக்கிறது. அவர்களுக்கு அரை நிமிடம் ஒரு தூண்டுதலாக அமையலாம். தன்னைப் புகைப்பவர் என்றே கருதாத, நண்பர்களோடு இருக்கும்போது மட்டும் ஒற்றைச் சிகரெட் வாங்கும் பதினேழு வயதுக்காரரிடம் அது என்ன செய்யும் என்பது தனிக் கேள்வி.

சுருக்கமான அறிவுரையின் இன்னொரு பலவீனம் அதன் கடைசிப் படியில் இருக்கிறது. பிரிட்டனில் அரை நிமிட உரையாடலின் மறுமுனையில், நோயாளியை ஏற்றுக்கொள்ளும் சேவை ஒன்று இருக்கும் என்ற அனுமானத்தின் மேல்தான் முறையே எழுந்தது. அனுப்ப இடமில்லாத ஊரில் முதல் இரண்டு படிகள் மட்டும் மிஞ்சும். அப்போது அது ஊதுகிற சங்கை ஊதிவைக்கும் கதையாகிவிடுகிறது.

மூன்றாம் நிலைப்பாடு: தொடங்காமல் பார்த்துக்கொள்வதே மேல்

விடவைப்பது கடினமென்றால், தொடங்கும் முன்பே தடுப்பதில் பல் மருத்துவர் கவனம் செலுத்தலாமே என்பது மூன்றாவது தரப்பு. அமெரிக்கத் தடுப்புப் பணிக்குழு 2020இல் வெளியிட்ட பரிந்துரை இதற்கு ஆதாரமாகிறது. இன்னும் தொடங்காத பள்ளி வயதினருக்கு மருத்துவர்கள் கல்வியும் சுருக்கமான ஆலோசனையும் தர வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. ஏற்கெனவே பழகிய இளையோரை விடவைப்பது பற்றி, பரிந்துரைக்கவோ மறுக்கவோ போதுமான சான்று இல்லை என்று நிறுத்திக்கொண்டது. இரண்டாவது கூற்றைப் ‘பலனில்லை’ என்று வாசிப்பது தவறு. பலன் தெரியவில்லை என்பதுதான் அதன் பொருள்.

தடுப்புக்குப் பல் மருத்துவத்தில் மிகப் பொருத்தமான இடம் பல்லுக்குக் கிளிப் போடும் பிரிவு. அங்கே வருபவர்கள் பெரும்பாலும் பதின்மவயதினர். சில வாரங்களுக்கு ஒருமுறை, ஒன்றரை இரண்டு ஆண்டுகள் வரை, ஒரே மருத்துவரிடம் வருகிறார்கள். தங்கள் சிரிப்பு எப்படித் தெரியும் என்பதில் அவர்களுக்கே அக்கறை இருக்கிறது. வேறெந்த மருத்துவப் பிரிவுக்கும் நோயில்லாத ஓர் இளைஞரை இத்தனை முறை பார்க்கும் வாய்ப்புக் கிடைப்பதில்லை.

இந்த வாய்ப்பைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். மெல்போர்ன் ஹோவெல் குழுவினர் தென் கலிஃபோர்னியாவின் பல்சீரமைப்பு மருத்துவமனைகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியில் 11 முதல் 18 வயதுள்ள நோயாளிகளுக்கு, மருந்துச்சீட்டு வடிவிலேயே புகையிலை எதிர்ப்புச் செய்திகளை மருத்துவர் தொடர்ந்து எழுதித் தர வேண்டும். 1996இல் வெளியான முடிவு ஏமாற்றமளித்தது: இரு பாதிகளுக்கும் இடையே தெளிவான வேறுபாடு இல்லை. சீட்டுகள் திட்டமிட்டபடி எல்லா நோயாளிகளுக்கும் போய்ச் சேரவில்லை என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. முறை தோற்றதா, முறையை நடைமுறைப்படுத்தும் ஏற்பாடு தோற்றதா என்ற கேள்வி அன்றிலிருந்து முழுமையாகத் தீரவில்லை.

இத்தரப்புக்கு அடிப்படையிலேயே ஒரு தடை இருக்கிறது. இந்தியக் கணக்கெடுப்பு சொல்வதுபோலப் பலர் பத்து வயதுக்கு முன்பே தொட்டுவிடுகிறார்கள் என்றால், பதின்மவயதுக்கான தடுப்புச் செய்தி அவர்களைப் பொறுத்தவரை காலம் தாழ்ந்தது. பால்பல் சொத்தைக்காக வரும் எட்டு வயதுக் குழந்தையிடம் இதைப் பேசலாமா, பேசினால் எப்படிப் பேசுவது என்பதற்கு நல்ல ஆய்வுகள் அரிது.

மருந்தின் இடம்

பெரியவர்களிடம் ஆலோசனையும் மருந்தும் சேர்ந்தால் பலன் கூடும் என்பது நிலைபெற்ற முடிவு. நிகோடின் மாற்று மருந்துகள் 2009இலேயே உலக சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துகள் பட்டியலில் சேர்ந்தன. வேரெனிக்ளினும் புப்ரோப்பியானும் 2021இல் சேர்ந்தன. ஆனால் அந்நிறுவனம் 2024இல் வெளியிட்ட முதல் சிகிச்சை வழிகாட்டுதல் வயதுவந்தோருக்கானது. இளையோரைப் பற்றிய 2017ஆம் ஆண்டு காக்ரேன் மதிப்பாய்வு 41 ஆய்வுகளில் 13,000க்கும் மேற்பட்ட இளையோரின் தரவைப் பார்த்தது. குழு ஆலோசனைக்கு ஓரளவு நம்பிக்கை தரும் அறிகுறிகள் இருந்தன. மருந்துகளைப் பற்றி உறுதியாக எதுவும் சொல்ல முடியவில்லை.

அதன்பின் ஒரு மாற்றம் நிகழ்ந்திருக்கிறது. சிகரெட் பிடிக்கும் பதின்மவயதினரிடம் முன்பு பலன் காட்டத் தவறிய வேரெனிக்ளின், 16 முதல் 25 வயதுள்ள மின்சிகரெட் பயனர்களிடம் அமெரிக்காவில் நடந்து 2025இல் வெளியான ஆய்வில் ஆலோசனையோடு சேர்ந்து தெளிவான பலனைத் தந்தது. இதை வைத்துப் பல் மருத்துவர் கையில் புதிய மருந்து வந்துவிட்டது என்று சொல்வது அவசரமாகும். அது மின்சிகரெட் பற்றியது. நெருக்கமான கண்காணிப்போடு நடந்தது.

இந்தியாவுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. 2021 மதிப்பாய்வில் சற்று உறுதியான பலன் காட்டிய பிரிவில் மின்சிகரெட்டும் கலந்திருக்கிறது. இந்தியாவில் 2019ஆம் ஆண்டுச் சட்டம் அதன் உற்பத்தி, இறக்குமதி, விற்பனை அனைத்தையும் தடைசெய்துவிட்டது. எனவே பிரிட்டிஷ் பல் மருத்துவ இதழ்களில் மின்சிகரெட்டை உதவிக் கருவியாக எடுத்துக்கொண்டு நடக்கும் விவாதத்தை இங்கே அப்படியே இறக்குமதி செய்ய முடியாது. இரண்டு மில்லிகிராம் நிகோடின் சூயிங்கம் மருந்துச்சீட்டு இல்லாமல் கடையிலேயே கிடைக்கிறது. பதினெட்டு வயதுக்குட்பட்டோருக்கு அதன் பலன் போதிய அளவு நிறுவப்படவில்லை.

இது பல் மருத்துவரின் வேலையா?

பல நாடுகளில் பல் மருத்துவர்களிடம் நடந்த கருத்தாய்வுகள் ஒரே பாட்டைப் பாடுகின்றன. பெரும்பாலானோர் இது தங்கள் கடமை என்று ஒப்புக்கொள்கிறார்கள். வழக்கமாகச் செய்பவர்கள் குறைவு. நேரமில்லை, பயிற்சியில்லை, இதற்குக் கட்டணமில்லை, நோயாளி முகம் சுளித்துவிடுவாரோ என்ற அச்சம் ஆகிய நான்கும் காரணங்களாகத் திரும்பத் திரும்ப வருகின்றன. இந்திய வயதுவந்தோர் கணக்கெடுப்பிலும் இதன் நிழல் தெரிகிறது: முந்தைய ஆண்டில் மருத்துவப் பணியாளரைச் சந்தித்த புகைப்போரில் 48.8 விழுக்காட்டினருக்கே விடும்படி அறிவுரை கிடைத்தது. மெல்லும் வகைப் பயனர்களில் அது 31.7 விழுக்காடு. வாய்க்குள்ளேயே தடயம் வைக்கும் பழக்கத்துக்குக் குறைவான அறிவுரை என்பது முரண்.

இளைய நோயாளி என்றால் ஐந்தாவது தடை ஒன்றும் சேர்கிறது. பல் மருத்துவக் கல்லூரிகளின் புறநோயாளிப் பிரிவில் ஒவ்வொருவருக்கும் எழுதப்படும் கேஸ் ஷீட்டில் பழக்கவழக்கங்கள் என்று ஒரு கட்டம் இருக்கும். பயிற்சி மாணவர் கேட்கிறார். நாற்காலியின் பக்கத்தில் அம்மா நிற்கிறார். பையன் இல்லை என்கிறான். கட்டத்தில் ‘இல்லை’ என்று பதிவாகிறது. அடுத்த முறை வரும்போது அந்தக் கட்டத்தை யாரும் மறுபடி திறப்பதில்லை. பெற்றோரைச் சில நிமிடம் வெளியே அமரச் சொல்வது பதின்மவயதினர் மருத்துவத்தில் ஏற்கப்பட்ட நடைமுறை. பதினெட்டு வயதுக்குட்பட்டவரின் சிகிச்சைக்குப் பெற்றோர் ஒப்புதலே பொதுவாகக் கேட்கப்படும் நம் சூழலில், மருத்துவரிடம் பையன் சொன்னது பெற்றோருக்குப் போகுமா போகாதா என்பதில் தெளிவு குறைவு. போகும் என்று அவன் நினைத்தால் உண்மை வராது. போகாது என்று உறுதி தந்த மருத்துவர், பின்னாளில் பெற்றோரின் கோபத்துக்கு ஆளாகலாம்.

இந்த நடைமுறைத் தடைகளைக் காட்டிப் பல் மருத்துவரை விட்டுவிடலாம் என்பவர்களும் உண்டு. இளையோரின் பழக்கத்தைத் தீர்மானிப்பது வரி, விலை, கடை, திரைப்படம், தோழர்கள் ஆகியவைதான்; நாற்காலியில் நடக்கும் பேச்சு ஓரத்தில் நிற்பது என்பது அவர்கள் வாதம். மக்கள் திரள் அளவில் இது பெருமளவு சரியே. ஆனால் சட்டமும் வரியும் பழக்கத்தை விட முடிவெடுக்கவைத்த ஒருவருக்கு அடுத்த வாரம் கைகொடுப்பது யார் என்ற கேள்விக்கு அவ்வாதத்தில் விடையில்லை.

தமிழ்நாட்டில் இந்தக் கேள்வி

தமிழ்நாட்டில் சட்டத்துக்குக் குறைவில்லை. 2003ஆம் ஆண்டின் கோட்பா சட்டம் பதினெட்டு வயதுக்குட்பட்டோருக்கு விற்பதையும், கல்வி நிலையங்களிலிருந்து நூறு கெஜத்துக்குள் விற்பதையும் தடுக்கிறது. 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டத்தின் 77ஆம் பிரிவு சிறாருக்குப் புகையிலை தருவோருக்கு ஏழாண்டு வரை கடுங்காவல் விதிக்கிறது. குட்காவுக்கு மாநிலம் 2013இலிருந்தே உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்த் தடை விதித்துவருகிறது. இத்தனைக்குப் பிறகும், கூல் லிப் என்ற சிறு புகையிலைப் பொட்டலம் பள்ளி மாணவர்களிடையே பரவியிருப்பது குறித்து 2024இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை கவலை தெரிவித்தது. உதட்டுக்கும் ஈறுக்கும் இடையே செருகினால் வகுப்பறையில்கூட வெளியே தெரியாத பொருள் அது. ஆசிரியர் கண்ணுக்குப் படாதது பல் மருத்துவரின் கண்ணாடிக்குப் படும் என்பதால், புகையில்லாப் புகையிலையைப் பொறுத்தவரை தமிழ்நாட்டுப் பல் மருத்துவருக்குக் கலிஃபோர்னிய பேஸ்பால் ஆய்வு பின்லாந்துக் கண்ணாடியைவிட நெருக்கமான முன்மாதிரி.

உதவிக் கட்டமைப்பும் இல்லாமல் இல்லை. 2002இல் உலக சுகாதார நிறுவன ஆதரவுடன் நாட்டில் தொடங்கிய 13 புகையிலை நிறுத்த மையங்களில் சென்னை அடையாறு புற்றுநோய் மையமும் ஒன்று. பல் மருத்துவக் கல்லூரிகளில் இத்தகைய மையங்களை நிறுவுவதற்கான வழிகாட்டுதலை மத்திய சுகாதார அமைச்சகம் 2018இல் வெளியிட்டது. 2016இல் தொடங்கிய தேசியக் கட்டணமில்லா உதவி எண் 1800-11-2356, 2018 செப்டம்பரிலிருந்து ஒவ்வொரு பாக்கெட்டிலும் அச்சாகிறது. அந்தச் சேவையின் பெங்களூரு நிம்ஹான்ஸ் மையம் தென்னிந்திய மொழிகளில் பேசுகிறது. பிரிட்டிஷ் முறையின் மூன்றாம் படியான ‘அனுப்பு’ என்பதற்கு இங்கே முகவரி இருக்கிறது. அந்த முகவரியைத் தனியார் கிளினிக்கில் எத்தனை பேர் எழுதிக் கொடுக்கிறார்கள் என்பதே கேள்வி.

இன்னொரு வாய்ப்பு நாற்காலிக்கு வெளியே இருக்கிறது. 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் நடமாடும் குழுக்கள் பள்ளிகளுக்கே போய்ப் பற்சொத்தை உள்ளிட்டவற்றைப் பரிசோதிக்கின்றன. பல் மருத்துவக் கல்லூரிகளும் பள்ளி முகாம்கள் நடத்துகின்றன. பல்வலி வந்தால் மட்டுமே பல் மருத்துவரைத் தேடும் நாட்டில், பழக்கமுள்ள மாணவரைச் சந்திக்கக் கிளினிக்கைவிட முகாமே வாய்ப்பானது. ஆனால் முகாமின் இயல்பே ஒருமுறை வந்து போவது. இலங்கையில் பள்ளிப் பல் சிகிச்சையாளர் என்ற தனிப் பணியாளர் பிரிவு பள்ளியைச் சார்ந்தே இயங்குகிறது. புகையிலை விற்பனைக்கான வயது வரம்பை 2006ஆம் ஆண்டுச் சட்டம் அங்கே 21ஆக வைத்திருக்கிறது. நிலையாக ஒரே குழந்தைகளைப் பார்க்கும் பணியாளரிடம் இந்த வேலையை ஒப்படைத்தால் என்னாகும் என்பதைச் சோதிக்க அத்தகைய அமைப்பு ஏற்ற களமாகலாம்.

எது உறுதி, எது திறந்திருக்கிறது

இதுவரை பார்த்தவற்றிலிருந்து ஓரளவு உறுதியாகச் சொல்லக்கூடியவை சில. வயதுவந்த நோயாளிகளிடம் பல் மருத்துவக் குழுவின் ஆதரவு, குறிப்பாக மருந்தோடு சேரும்போது, பயன் தருகிறது. இளையோரின் மெல்லும் புகையிலைப் பழக்கத்தில், வாய்ப் பரிசோதனையும் தோழர் குழுவும் பின்தொடர்தலும் இணைந்த முயற்சிகள் நல்ல பலன் காட்டியிருக்கின்றன. இளையோரின் சிகரெட், பீடிப் பழக்கத்தில் பல் மருத்துவர் தரும் ஒருமுறை அறிவுரைக்கோ, பற்களைக் காட்டி எச்சரிப்பதற்கோ தனித்த பலன் இருப்பதாக இன்றைய சான்றுகளைக் கொண்டு கூற இயலாது.

வெற்றிபெற்ற முயற்சிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் அவற்றில் பொதுவாகத் தெரிவது தொடர்ச்சி. எர்ணாகுளத்தில் ஆண்டுதோறும் திரும்பினார்கள். பேஸ்பால் அணிகளில் பின்தொடர்ந்தார்கள். தோற்றவற்றில் தலையீடு சில நிமிடங்களில் முடிந்தது, அல்லது தாளில் இருந்த தொடர்ச்சி நடைமுறைக்கு வரவில்லை. இது காரணத்தை நிறுவும் சான்றல்ல. ஆயினும் பயிற்சித் திட்டங்கள், என்ன சொல்ல வேண்டும் என்பதற்குத் தரும் அழுத்தத்தில் ஒரு பங்கையாவது அடுத்த சந்திப்பில் யார் மறுபடி கேட்பார் என்பதற்குத் தர இது போதிய நியாயம்.

திறந்திருக்கும் கேள்விகளும் இங்கிருந்தே கிளைக்கின்றன. கிளிப் சிகிச்சையின் பல மாதச் சந்திப்புகளை ஒழுங்காகப் பயன்படுத்தினால் கலிஃபோர்னிய முடிவு மாறுமா? பெற்றோர் இல்லாத ஐந்து நிமிடத்துக்கு இந்தியச் சூழலில் சட்டமும் பண்பாடும் எந்த அளவு இடம் தரும்? பீடி, சிகரெட், கூல் லிப் மூன்றையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துபவரிடம் ஒன்றை விடுவது மற்றொன்றைக் கூட்டிவிடுமா? பல் மருத்துவர் எழுதித் தந்த உதவி எண்ணை ஒரு பதினாறு வயதுக்காரர் உண்மையில் அழைக்கிறாரா? இவற்றுக்குப் பெரிய ஆய்வகம் தேவையில்லை. தமிழ்நாட்டுப் பல் மருத்துவக் கல்லூரிகள் ஏற்கெனவே நிரப்பும் கேஸ் ஷீட்டில் பழக்கத்தை ஒவ்வொரு வருகையிலும் பதிவுசெய்து, ஆறு மாதமும் ஓராண்டும் கழித்துத் தொடர்புகொண்டாலே முதல் விடைகள் கிடைக்கத் தொடங்கும். அதுவரை, பல் மருத்துவரால் இளையோரை விடவைக்க முடியும் என்ற கூற்றை நிரூபிக்கப்பட்ட உண்மையாக அல்லாமல், சோதித்துப் பார்க்கத் தக்க நியாயமான எதிர்பார்ப்பாக மட்டுமே எடுத்துக்கொள்வது தகும்.